காப்பி மில்லில் வெள்ளைப் பொடி

அமலம்மாள் காப்பி மில்லின் அடியிலிருந்த சின்ன இழுப்பறையை உருவி மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்தாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூலையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

மெழுகுவர்த்தி எடுக்க வந்த நவமணி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் அவள் புருஷன் பாக்கியசாமி, கையில் செபமாலை சுற்றியபடி, பெட்டிக்குள் கிடந்தார். விடிகாலையில் உயிர் போயிருந்தது. அடக்கச் செபம் சொல்லச் சாமியார் இன்னும் வரவில்லை.

"இது என்ன நவமணி?"

"அரிசி மாவு, மதினி."

"கோப்பி மில்லுல அரிசி மாவு எதுக்கு?"

நவமணிக்கு எங்கிருந்து ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. அமலம்மாள் பாக்கியசாமியின் அக்காள். சிம்பாங் அம்பாட்டிலிருந்து நேற்றுப் பொழுது சாயத்தான் வந்து சேர்ந்தாள். அதற்குள் தம்பிக்குப் பேச்சு நின்றிருந்தது. ஆனால் போன மாதம் அவள் பார்க்க வந்தபோது அவர் பேசியிருக்கிறார். தண்ணீர்ச் செம்போடு நவமணி அறைக்குள் நுழைந்ததும் அக்காளும் தம்பியும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். நேற்று வந்ததிலிருந்து மதினி இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

எல்லாம் மழைக்காலத்தில் ஆரம்பித்தது. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த பாக்கியசாமி ஒருநாள் காலை ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்தில் துப்பினார்.

"என்னாத்தைக் கலந்தே?"

"கடைத்தூள்தாங்க. புளியங்கொட்டையை வறுத்துச் சேர்க்கிறாங்களாம்."

வேறு கடையில் வாங்கினாள். அதுவும் கசந்தது. அதற்கடுத்த கடைத்தூளும் கசந்தது. அவர் கண்கள் மஞ்சளாகிக்கொண்டு வந்தன. ஈரல் கெட்டுவிட்டது, வாய் அப்படித்தான் கசக்கும் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் சொன்னார். அதை நோயாளியிடம் சொல்லாமல் நவமணியைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னதுதான் வினையாயிற்று.

"எனக்குத் தெரியாம உங்கிட்ட என்ன சொன்னான்?" வீடு வரும்வரை அதையே கேட்டார். அவள் சொன்னதை நம்பவில்லை. அவள் இரண்டாம் தாரம். பிள்ளை இல்லை. அவர் போனால் வீடு அவளுக்கு. நம்பாமலிருக்க அவருக்கு அது போதுமாயிருந்தது.

"ஒரு மில்லு வாங்கணும். கொட்டையை என் கண்ணு முன்னால அரைக்கணும்" என்றார்.

அவளைத் தனியே அனுப்பவும் மனமில்லை. முடியாத உடம்போடு ரிக்‌ஷாவில் ஏறி, டத்தோ கிராமாட்டிலிருந்து சூலியா தெருவுக்கு அவளோடு தாமே போனார். சீனி முகம்மது தம் இரும்புக் கடையில் மூன்று மில்களை எடுத்து வைத்தார். ஒன்று சுவரில் முடுக்குகிற சீமைச் சரக்கு. விலையைக் கேட்டதும் பாக்கியசாமி கையை எடுத்துக்கொண்டார். இன்னொன்று பூப்போட்ட தகரம், மலிவு. கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார். நடுத்தண்டு கடகடவென்று ஆடியது. உள்ளே விரலை விட்டுப் பல்லைத் தடவினார்.

"இதுல பாதி கொட்டையா நிக்கும், பாதி மாவாப் போயிரும். தகரத்தூளு வேற சேர்ந்து வரும். யாரை ஏமாத்துறே?"

மூன்றாவது, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன மரப்பெட்டி மில். பக்கப் பலகை கீறியிருந்தது. ஆனால் உள்ளே கூர் மழுங்காத பல்வைத்த இரண்டு இரும்பு வளையங்கள். தண்டு அசையவில்லை. மேல் திருகை இறுக்கினால் நைசாகவும் தளர்த்தினால் கொரகொரவென்றும் அரைத்தது. ஒரு பிடி கொட்டையைப் போட்டுச் சுற்றி, தூளை விரலிடையில் தேய்த்துப் பார்த்தார். ஒரே சீராயிருந்தது.

அவர் குனிந்திருந்த நேரத்தில் நவமணி தாழ்ந்த குரலில், "உடம்பு முடியாதவரு, பார்த்துக் குறைங்க பாய்" என்றாள்.

அவர் தலையைத் தூக்கினார். "அவன்கிட்ட என்ன குசுகுசுப்பு?"

"விலைதாங்க."

"விலையைச் சத்தமாவே பேசலாம்லா."

சீனி முகம்மது சங்கடத்தோடு பேச்சை மாற்றினார். "பழைய மில்லு அண்ணே. மொத தடவை ஒரு பிடி பச்சரிசி அரைச்சுக் கொட்டிருங்க. உள்ள இருக்கிறதெல்லாம் வந்துரும்."

அந்த வார்த்தையைப் பாக்கியசாமி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதல் தடவையோடு விடவில்லை. ஒவ்வொரு தடவையும் முதலில் அரிசி. அந்த மாவை அவள் அவர் முன்னால் கொட்டிக் காட்ட வேண்டும். பிறகுதான் கட்டிலில் உட்கார்ந்து, மில்லை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, கொட்டையைத் தாமே அரைப்பார். அப்படியும் கசந்தது. சந்தேகம் தண்ணீருக்குப் போயிற்று. அப்புறம் சீனிக்கு, பாலுக்கு. ஒவ்வொன்றையும் அவள் முதலில் குடித்துக் காட்டினாள்.

நேற்று மத்தியானம் அவருடைய கை சுற்ற வரவில்லை.

"நீயே அரை" என்றார்.

அரிசி கேட்கவில்லை. அவளாகவே அரைத்துக் காட்டினாள். அவர் மாவைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி போட்டு வழக்கம்போல் தன் வாய்க்குக் கொண்டுபோனபோது, அவர் கையை நீட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டார். "கசக்குது" என்றார். முழுவதையும் குடித்தார்.

நம்பிக் குடித்தாரா, இனி என்ன என்று குடித்தாரா? அதற்கப்புறம் அவர் பேசவில்லை. இரவு முழுதும் அவர் மூச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதில் பாதியைத்தான் அவளால் மதினியிடம் சொல்ல முடிந்தது. "அவருதான் அரைக்கச் சொன்னாரு. நான் ஏதும் போட்டிருந்தா அரிசியோட வந்துரும்னு."

"போட்டியா?"

நவமணி இழுப்பறையை வாங்கி, மூலையிலிருந்த பொடியைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டாள். தொண்டை அசைந்து அது இறங்கும்வரை அமலம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிச்சத்தை ஒற்றை விரலால் துடைத்துத் தன் நாக்கில் வைத்தாள். வெகுநேரம் மென்றாள்.

"போன மாசம் நான் பால் காய்ச்சிக் குடுத்தேன்" என்றாள் கடைசியில். "எங்க வீட்டு மாட்டுப் பாலு. கசக்குதுன்னு துப்பினான்."

நவமணி அவளைப் பார்த்தாள்.

"நான் அதை யாருகிட்டயும் சொல்லலை."

அமலம்மாள் இழுப்பறையை மில்லில் செருகிவிட்டு, மெழுகுவர்த்திகளைத் தானே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கூடத்தில் பெண்கள் செபமாலை சொல்லி முடித்திருந்தார்கள். நவமணி பெட்டியருகே உட்கார்ந்ததும், பக்கத்து வீட்டு அக்னஸ் நகர்ந்து வந்தாள். மாதக்கணக்காகச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள். எல்லோர் காதிலும் விழும்படியான ரகசியக் குரலில் கேட்டாள்.

"பாவம் மனுஷன். கடைசியா என்ன குடிச்சாரு அக்கா? யாரு கையால?"

விசிறிகள் நின்றன. நவமணி வாயைத் திறந்தாள்.

"தண்ணி" என்றாள் அமலம்மாள். "என் கையால."

நவமணி நிமிர்ந்தாள். நேற்று மத்தியானக் காப்பிக்குப் பிறகு அவர் வாயில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. அமலம்மாள் அவள் பக்கம் திரும்பவில்லை. தம்பியின் காலில் வந்து உட்கார்ந்த ஈயை முந்தானையால் ஓட்டிக்கொண்டிருந்தாள்.