ஞாயிற்றுக்கிழமை அளந்த தண்ணீர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லயங்களுக்குக் குழாய் வருமா வராதா என்பது என் கொப்பியிலுள்ள எண்களைப் பொறுத்திருந்தது. மேல்கணக்கிலிருந்து வரும் ஓடையில், வறட்சியிலும் விநாடிக்கு இரண்டு லீற்றர் ஓடினால்தான் குழாய் என்று பதுளை நீர் வழங்கல் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பின்னேர வகுப்பில் நான் நீர் அளவை படிக்கிறேன் என்பதால், தோட்டத் தலைவர் கந்தப்பன் அளக்கும் வேலையை என்னிடம் விட்டார்.

பகலில் எனக்குப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை. ஆகவே ஞாயிறுகளில், காலை பத்து மணிக்கு அளந்தேன். கீழ்க்கணக்கில் ஓடைத் தண்ணீர் விழும் பீலிக்குக் கீழே இருநூறு லீற்றர் பீப்பாயை வைத்து, அது நிறைய எத்தனை விநாடி என்று மூன்று தரம் பார்ப்பேன். என் கணக்கில் எனக்கே நம்பிக்கை கிடையாது. வீட்டுக்கு வந்து மறுபடியும் வகுத்துப் பார்ப்பேன். 1999 ஜனவரியில் இருபத்திரண்டு விநாடி. ஆகஸ்டில் நாலு நிமிடம். விநாடிக்கு ஒரு லீற்றர்கூட இல்லை. முப்பத்தைந்து ஞாயிறுகளையும் அழகாக எழுதிக் கொடுத்தேன். குழாய் இல்லை என்று கடிதம் வந்தது.

அந்த வாரம் குமாரசிங்கம் சேர் வகுப்பில் ஒரு பயிற்சி தந்தார். கடல்நீர் ஏறி இறங்கும் கால்வாயில், மாரியிலும் கோடையிலும் பாயும் நீரை எப்படி அளப்பது? தினமும் காலை ஒரு தரம் அளக்கலாம் என்று என்னோடு படிக்கும் ஸமீம் எழுதியிருந்தான்.

"தம்பி, நீர் அளக்கப்போறது தண்ணியையோ, உம்மட வசதியையோ?" என்றார் சேர்.

"சேர், பதுளையில கடல் எங்க இருக்கு, ஏறி எறங்க?" என்றான் ஸமீம். எல்லோரும் சிரித்தார்கள். நான் என் கொப்பியைத் திறந்தேன்: எல்லாம் ஞாயிறு, எல்லாம் காலை பத்து மணி.

புதன்கிழமை லீவு போட்டு அளந்தேன். எண்பது விநாடி. பீப்பாய் ஓட்டையோ என்று தடவிப் பார்த்தேன். மறுபடியும் எண்பது. இரண்டரை லீற்றர்! மழையும் பெய்யவில்லை.

கந்தப்பன் அந்த எண்ணோடு அலுவலகத்துக்கு ஓடினார். முகம் தொங்கத் திரும்பினார். "கொறஞ்ச கணக்குதான் செல்லுமாம். மாசம் முடியுறதுக்குள்ள ஞாயித்துக்கெழமையும் ரெண்டு லீற்றர் வருதுன்னு காட்டணுமாம். ஒன்னைய யாரும்மா ஞாயித்துக்கெழம அளக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலங்க. அன்னைக்குத்தான் எனக்கு லீவு."

அடுத்த ஞாயிறு இருவரும் ஓடையோரமாக மேலே ஏறினோம். மேல்கணக்கு லயத்துச் சனமே தண்ணீரில் இருந்தது. கல்லெல்லாம் துணி, வாளியெல்லாம் பிள்ளைகள். வளைவில் மண்மூட்டைகளால் ஓடையை மறித்து, இராக்கம்மா தன் லீக்ஸ் பாத்திகளுக்குத் திருப்பியிருந்தாள். கொழுந்து எடுக்கிறவளுக்கும் அன்றைக்குத்தான் லீவு. முப்பத்தைந்து வாரமாக இது எனக்குத் தோன்றவேயில்லை.

கந்தப்பன் விஷயத்தைச் சொன்னார்.

"அவ்வளவுதானே தலைவரே? பாப்பா அளக்குற நேரம் மூட்டையத் தூக்கிப் போடுறேன். துணியையும் நிப்பாட்டச் சொல்றேன். எழுதிக்கட்டும்."

கந்தப்பன் என்னைப் பார்த்தார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு எண்.

"அளக்குற அன்னைக்கு மட்டும்னா வேணாங்க அக்கா. குழாயப் போட்டுட்டு ஞாயித்துக்கெழம காத்து வந்தா, கீழ எல்லாரும் என்னையத்தான் ஏசுவாங்க. எல்லா ஞாயிறும் பாதித் தண்ணியாவது விடணும்."

"எல்லா ஞாயிறுமா? அப்ப என் லீக்ஸுக்கு ஒன் கொப்பியப் புழிஞ்சு ஊத்தவா?"

துவைத்தவர்கள் சிரித்தார்கள். கந்தப்பன் என் காதருகே, "ஒரு தடவைதானேம்மா, ஒத்துக்க" என்றார்.

நான் தலையாட்டவில்லை. அவர் என்னை விட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கினார். நானும் பின்னால் இறங்கி, பத்து மணிக்குப் பீப்பாயைப் பீலியின் கீழ் வைத்தேன். நாலு நிமிடம், பதினொரு விநாடி. அதையே எழுதினேன்.