கேள்வி மட்டும் கேட்கலாம்

வண்டிகளை நிறுத்தக் கூடாது என்று எழுதியிருந்த பலகையை ஒட்டியே, ஹாலிஸ்டன் நகர அருங்காட்சியகத்தின் வாசலில், வெர்னிட்டா டாலிவர் தன் கறுப்பு அமரர் ஊர்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதனுள் பெட்டி இல்லை, பிணம் இல்லை, வெள்ளைச் சாட்டின் விரித்த வெற்றிடம் மட்டும் இருந்தது. காவலர் பதறி ஓடிவந்து, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார்.

"அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு, வெர்னிட்டா கையுறைகளைச் சரிசெய்துகொண்டு படியேறினார்.

அமெரிக்க ஓவியங்களையும் அவற்றிலிருந்து பிறந்த நூல்களையும் இணைத்துப் பேசும் பொதுச் சொற்பொழிவுகள் அங்கே ஆண்டுதோறும் நடக்கும். 'தூரிகையும் பேனாவும்' என்பது தொடரின் பெயர். வசந்தத்தில் நடக்கும் கடைசிச் சொற்பொழிவு எப்போதும் ஒரே ஓவியத்தைப் பற்றியது. அந்நகர நீதிபதி ஒருவரின் வீட்டில் ஒரு கோடைக்காலம் தங்கிய ஓவியர் ஒருவர், அந்த வீட்டுக் கறுப்பினச் சலவைப் பெண் டெல்ஃபியாவை ஒஹாயோ ஆற்றங்கரையில் நிற்கவைத்துத் தீட்டிய படம் அது. ஓவியரைப் பார்க்க வந்த எழுத்தாள நண்பர் படத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், ஊருக்குத் திரும்பி ஒரு நாவல் எழுதினார். அந்த நாவலில் டெல்ஃபியா நீதிபதியின் மகனைக் காதலிக்கிறாள், அவன் கைவிடுகிறான், அவள் ஆற்றில் இறங்கி மறைகிறாள். நாவல் வீடுதோறும் போனது, பள்ளிதோறும் போனது, கடைசியில் கதை எது, நடந்தது எது என்ற வேறுபாடே அந்த நகரத்திலிருந்து போய்விட்டது. ஓவியர் டெல்ஃபியாவை வரைந்தார். எழுத்தாளர் அவரைக் கொன்றார். நகரம் அவருக்காக அழுதது. சொற்பொழிவு முடிந்ததும் வெள்ளை லில்லிகளை ஏந்தி ஆற்றங்கரைக்கு ஊர்வலம் போவதும், பூவைத் தண்ணீரில் விடுவதும், பிறகு மாவட்ட வழக்கறிஞர் வீட்டில் எலுமிச்சைக் கேக் தின்பதும் அவர்களுடைய வழக்கம்.

டெல்ஃபியா சாகவில்லை. நீதிபதியின் வீட்டு வேலையை உதறினார், தோணித்துறையில் மூட்டை தூக்கிய ஒருவரை மணந்தார், கிழக்குத் தெருவில் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தச் சலவைக்கூடம் தொடங்கினார். இந்த நகரத்து மருத்துவமனையின் விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுத்தன. எண்பது வயது தாண்டித் தன் கட்டிலில், தன் தலையணையில் உயிர்விட்டார். ஈமச்சடங்கு நிலையம் நடத்திவந்த அவருடைய மகன், பெற்ற தாயைத் தன் கையாலேயே குளிப்பாட்டி, பெத்தேல் தேவாலயத்தின் பின்புறம் அடக்கம் செய்தார். அந்த மகனின் பேத்திதான் வெர்னிட்டா. நிலையத்தை இப்போது நடத்துகிறவரும் அவரே.

சென்ற இலையுதிர் காலத்தில், சொற்பொழிவாளர் டாக்டர் ஆர்லன் விட்கோமை வெர்னிட்டா அந்தக் கல்லறைக்கே அழைத்துப்போய்க் காட்டினார். டாக்டர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார், கல்லைப் படித்தார், அந்தக் காலத்தில் டெல்ஃபியா என்பது பலருக்கும் உள்ள பெயர் என்றார். டெல்ஃபியா தம் கைப்பட எழுதியது ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார். எழுதக் கற்றுக்கொடுக்காத ஊர், எழுதிய சான்று கேட்டது. வாழ்ந்தவர் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். கொன்ற நாவலுக்கோ எந்த நிரூபணமும் வேண்டாம்!

இந்த ஆண்டு பூ மட்டும் போதவில்லை அவர்களுக்கு. ஆற்றங்கரையில் கருங்கல் நட்டிருந்தார்கள். 'டெல்ஃபியா இங்கே நீரோடு கலந்தாள்' என்று அதில் வெட்டியிருந்தார்கள். சொற்பொழிவு முடிந்ததும் திறப்புவிழா. நாவல் பழசாகும், சொற்பொழிவாளர் ஓய்வுபெறுவார்; கல் நிற்கும். தன் பேரப்பிள்ளைகள் அந்தக் கரையில் நடக்கும்போது எதைப் படிப்பார்கள் என்பதுதான் வெர்னிட்டாவைத் தூங்கவிடாமல் செய்தது.

போன ஆண்டு அவர் எழுந்து பேசத் தொடங்கியபோது, "இது கேள்வியா, கருத்தா?" என்று விட்கோம் கேட்டார். உண்மையைச் சொல்ல வந்தேன் என்றதும் ஒலிவாங்கியை வேறு கைக்கு மாற்றிவிட்டார்கள். இந்த ஆண்டு அரங்கின் கதவிலேயே அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள்: கேள்வி மட்டும் கேட்கலாம்.

விளக்குகள் மங்கின. திரையில் டெல்ஃபியா எழுந்தார். விட்கோமுக்கு நல்ல குரல். அந்தக் குரல் எத்தனை முறை அந்தப் பெண்ணை ஆற்றுக்கு அழைத்துப்போயிருக்கிறது! ஓவியத்தின் கைகளைத் திரை நிறையப் பெரிதாக்கிக் காட்டினார். அந்த விரல்களின் மென்மையில்தான் நாவல் கருக்கொண்டது என்றார். காரநீரில் நாளெல்லாம் ஊறிய கைகள் அவை. ஆனால் திரையில் வெடிப்பில்லை, தழும்பில்லை, பியானோ வாசிக்கும் சீமாட்டியின் விரல்கள் போல வழுவழுத்தன. பிறகு அவர் நாவலின் கடைசிப் பக்கத்தை வாசித்தார். முன்வரிசையில் யூனிஸ் ஹேவர்லி கைக்குட்டையை எடுத்தார். அந்த ஊர்வலத்தைத் தலைமுறையாக நடத்திவரும் குடும்பத்தின் மூத்த பெண்மணி அவர்.

விளக்கு வந்ததும் வெர்னிட்டா கையை உயர்த்தினார். மற்ற எல்லாக் கைகளும் தீரும்வரை அந்தக் கை காத்திருக்க வேண்டியிருந்தது.

"கேள்வியா இருந்தா மட்டும் கேளுங்க மேடம்," என்றார் விட்கோம். "போன வருஷம் மாதிரி பிரசங்கம் வேணாம்."

அரங்கம் சிரித்தது.

"கேள்விதான் டாக்டர். வேற ஒண்ணும் கொண்டுவரல. என் தொழில் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமே."

"அப்ப, உடல் எங்க?"

"எந்த உடல்?"

"ஆத்துல விழுந்தவங்க உடல். யாரு தூக்குனா? யாரு குளிப்பாட்டுனா? எந்த மண்ணுல வெச்சாங்க? வாசல்ல வண்டி நிக்குது. எங்க போய் எடுத்துக்கட்டும்?"

விட்கோம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலையில் உள்ள உண்மை ஒரு வகை, ஊரில் நடந்த உண்மை இன்னொரு வகை என்று நிதானமாக விளக்கினார். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றார்.

"கல்லுல வெட்டிருக்கீங்களே, அது எந்த வகை?"

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல்தானா என்பது சந்தேகம். யூனிஸ் ஹேவர்லி திரும்பி எழுந்து நின்றார். அவருடைய குரல் உண்மையாகவே நடுங்கியது.

"சின்ன வயசுலேர்ந்து அவளுக்குப் பூ போடறேன், வெர்னிட்டா. எங்க எல்லாருக்கும் அவமேல பாசம். அத ஏன் கெடுக்கற?"

"என் பேரு மிசஸ் டாலிவர். உங்க பாசம் செத்தவங்க மேலதானே பொங்குது? அவங்க உயிரோட, உங்க வீட்டு வெளுப்புத் துணியத் தூக்கிட்டு வந்தப்போ, எந்தக் கதவு வழியா உள்ள விட்டீங்க? நான் கேள்விதான் கேக்கறேன், பாத்துக்குங்க."

யூனிஸ் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது, அது வெட்கமல்ல, சினம். தன் சொத்தில் ஒருவர் கைவைத்துவிட்டதைப் போன்ற சினம்.

"முடிஞ்சுதா மேடம்?"

"கடைசியா ஒண்ணு." வெர்னிட்டா திரையில் இன்னும் நின்றிருந்த அந்த வழுவழுப்பான கைகளை நோக்கி விரலை நீட்டினார். "எங்கம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ, அவங்க பாட்டிதான் தினமும் தலை பின்னிவிடுவாங்க. விரலெல்லாம் துருவுபலகை மாதிரி சொரசொரன்னு இருக்குமாம். முடி சிக்கிக்கிட்டு அம்மா அலறுவாங்களாம். அம்மா பொறக்கறதுக்கு முன்னாடியே அவங்க ஆத்தோட போயிட்டாங்கன்னா, எங்கம்மா முடி மாட்டுனது யாரு விரல்ல டாக்டர்?"

ஒரு நொடி விட்கோமும் திரையிலிருந்த கைகளைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"சுவாரசியமான குடும்ப நினைவு. ரொம்ப நன்றி. அடுத்த கேள்வி?"

ஒரு கையும் உயரவில்லை.

ஊர்வலம் புறப்பட்டது. லில்லிகளின் காம்புகளை ஈரத் தாளில் சுற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். எழுந்த சில முணுமுணுப்புகளும் வெர்னிட்டாவைப் பற்றியவையாகவே இருந்தன, அவற்றில் ஒன்றும் நல்ல சொல் அல்ல. ஆற்றுச் சரிவில் இறங்கும் வளைவைத் திரும்பியதும் முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் மோதி நின்றார்கள்.

துணி போர்த்திய கல்லுக்குப் பக்கத்தில் அமரர் ஊர்தி நின்றிருந்தது. அதன் பின்கதவு அகலத் திறந்திருந்தது. இறப்பு வீடுகளில் உறவினர்கள் இறங்கி வரும்வரை நிற்பதைப் போலவே, கைகளை முன்னால் கோத்து, தலை நிமிர்ந்து, அதன் அருகே வெர்னிட்டா நின்றார். யாரையும் மறிக்கவில்லை, எதையும் தொடவில்லை.

விட்கோம் தனியாக முன்னால் வந்தார். வண்டியை எடுத்துவிடும்படி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். போலீசைக் கூப்பிட வேண்டிவரும் என்றார்.

"உடலக் குடுங்க, எடுத்துட்டுப் போயிடறேன்," என்றார் வெர்னிட்டா, எல்லோருக்கும் கேட்கும்படி.

கல்லின் துணியிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கின. ஒன்றை விட்கோம் பிடித்தார். மற்றொன்று யூனிஸ் ஹேவர்லி பிடிக்க வேண்டியது. யூனிஸ் தண்ணீரின் விளிம்பில், லில்லியை நீட்டிய கையோடு நின்றிருந்தார். ஈரத் தாள் பிரிந்து காம்பிலிருந்து நீர் அவருடைய காலணியில் சொட்டியது. அவர் ஆற்றைப் பார்த்தார். வெள்ளைச் சாட்டின் விரித்த அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். மறுபடி ஆற்றைப் பார்த்தார். காற்று அடித்தது. யாரும் பிடிக்காத கயிறு கல்லின்மேல் தட்டிக்கொண்டே இருந்தது.