முப்பது நாள் தவணை

"கல்லு எங்கட இல்ல" என்று ஸைனம்பு மூன்றாவது தடவையும் சொன்னாள். வரித் துரை தலை நிமிரவில்லை. இரத்தினபுரி அரசாங்கக் கச்சேரியில் அன்று அவளைத் தவிர வேறு பெண் இல்லை.

இறந்துபோன அவள் புருஷன் முக்தாருக்கு பெல்மதுளையில் சில்லறைக் கடை. மௌத்தாவதற்கு முந்திய வருஷம் யாருடையதோ ஒரு நீலக்கல்லை விற்றுக் கொடுத்துத் தரகு வாங்கினார். புதிதாக வந்த வருமான வரிக்காரர்கள் கல்லின் முழு விலையையும் அவருடைய வருமானம் என்று எழுதிவிட்டார்கள். கல் தன்னுடையதுதான் என்று சொந்தக்காரன் கைநாட்டு வைத்த கடதாசி ஸைனம்புவின் கையில் இருந்தது. அதை ஒருவர் வாசித்தால் போதும். வாசிக்காவிட்டால் கடை ஏலத்துக்குப் போகும். கடைக்குப் பின்னால்தான் அவளும் மூன்று குமர்ப்பிள்ளைகளும் குடியிருந்தார்கள்.

வரிக் கடிதம் வந்தது புருஷனின் மையித்தை அடக்கிய பதினோராம் நாள். அவள் புருஷனை இழந்தவள் இருக்கும் இத்தாவில், பிற ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால். முக்தாரின் தம்பி காமில் கடிதத்தை வாங்கி, மதினியின் மனதைக் குழப்பக்கூடாது என்று தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினான். கதவுக்கு அடியால் ஒரு கடதாசியைத் தள்ளிவிட எந்த மார்க்கமும் தடை சொல்லவில்லை. நாலு மாதமும் பத்து நாளும் முடிந்து அவள் வெளியே வந்த அன்றுதான் கொண்டுவந்து நீட்டினான். அன்று பகலே மனு எழுதி ஒப்பமிட்டாள். மனுப் போடத் தவணை கடிதம் வந்ததிலிருந்து முப்பது நாள். அது முடிந்து எண்பத்தொன்பது நாளாகியிருந்தது.

ஏன் பிந்தியது என்று துரைக்குப் பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா கேட்டார். மௌத்து, இத்தா, திரை, பூட்டிய அலுமாரி எல்லாவற்றையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அவர் அதை ஒரே வரியில் இங்கிலீசில் சொல்லி முடித்தார். துரை ஒப்பமிட்டார்.

"மனு தள்ளுபடி, அம்மா. பிந்தி வந்த மனுவிலை கல் ஆற்றையெண்டு துரை பாக்கமாட்டார்" என்றார் குமாஸ்தா.

கூட வந்திருந்த காமில் குடையை எடுத்தான். "வாங்க மதினி, போவோம். அல்லாட நாட்டம்."

"கடதாசிய ஒங்கட அலுமாரியில பூட்டி வெச்சது அல்லாவா, தம்பி?"

குமாஸ்தா அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஸைனம்பு நகரவில்லை. கைநாட்டுக் கடதாசியைத் துரையின் மைக்கூடு வரை தள்ளி, இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முக்காடு தோளில் விழுந்தது. அதை இழுத்துவிட வந்த காமிலின் கையைத் தட்டிவிட்டாள்.

"வாசிங்க தொர" என்றாள்.

அடுத்த மனுக்காரர் கடதாசிக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.