இரண்டு பேருக்கு ஒரு பூட்டு

வெளிநாட்டுக்கு விமானம் ஏறிய நாளிலிருந்தே, கல்லூரியில் எல்லோரும் படிப்ஸ் என்று கூப்பிடும் அந்தப் பெண்ணுக்குப் பயம்தான். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவர்களுக்கு வரும் வியாதி அது. எதெது தப்பாகப் போகும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்துவிடுவார்கள். பஸ்ஸில் ஏறினால் தப்பான பஸ்ஸோ என்று பயம். வழி கேட்டால் தான் பேசுவது புரியுமோ என்று பயம். பயிற்சிக்கு வந்த சோப்புத்தூள் தொழிற்சாலையில் யாராவது சிரித்துவிட்டால், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று அதற்கும் ஒரு பயம்.

கூட வந்த வகுப்புத் தோழனுக்கோ பயம் என்றால் கிலோ என்ன விலை. கல்லூரியே அவனைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடும். பஸ்ஸில் தூங்குவான், சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே தூங்குவான், பரீட்சை ஹாலில் தூங்கி எழுந்து பாஸும் பண்ணித் தொலைப்பான். விமான நிலையத்தில் அவன் அம்மா படிப்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"உன்ன நம்பித்தாம்மா அனுப்பறேன். அவன எழுப்பி மட்டும் விட்டுடு. மத்தத அவனே பாத்துக்குவான்," என்றாள்.

இவளும் பெரிய மனுஷி மாதிரி, "நான் பாத்துக்கறேன் ஆன்ட்டி" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் அறைக் கதவைத் தட்டித் தட்டி அவள் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. தூளைக் கலக்கும் டிரம் ஒரு சின்ன வீடு அளவுக்கு இருக்கும். படுத்த வாக்கில் உருளும். உள்ளே ஆளுயரத்துக்கு இரும்புத் தகடுகள். ஒரு சரக்கு முடிந்து அடுத்தது போடுவதற்கு முன்னால் ஆட்கள் உள்ளே போய், ஒட்டியிருக்கும் தூளை மூலை முடுக்கெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். உள்ளே போகிற ஒவ்வொருவரும் முதலில் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டின் மேல் அவரவர் போட்டோ ஒட்டியிருக்கும். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் சுவிட்ச் அசையாது. அடுத்தவர் பூட்டை முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. வெளியே வந்தவர் தன் பூட்டைத் தானே கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

வந்த முதல் வாரமே தூங்குமூஞ்சி தன் கைவரிசையைக் காட்டிவிட்டான். வேலை முடிந்து வெளியே வந்தவன், பூட்டைக் கழற்றாமல் நேரே அறைக்குப் போய்ப் படுத்துவிட்டான். தொழிற்சாலை மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஆள் அனுப்பி, கதவை இடித்து, எழுப்பிக் கூட்டிவந்து கழற்ற வைத்தார்கள். சூப்பர்வைசர் கத்திய கத்தலில் கூரையே அதிர்ந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்தப் பயலுக்கும் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பயம் வந்தது. டிரம்மைப் பார்த்தா வந்தது? பூட்டைப் பார்த்து!

அதனால்தான் அடுத்த வாரம் டிரம்முக்குள் போகும் முன், சுவிட்சின் முன்னால் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தான்.

"நீ போட்ட பூட்டே போதும். சேர்ந்துதான உள்ள போறோம், சேர்ந்துதான வரப்போறோம்? நான் போட்டா மறுபடியும் மறந்துடுவேன். அப்புறம் ஊருக்கு அனுப்பிடுவாங்க."

எல்லாவற்றுக்கும் பயப்படுகிற பெண் இதற்குப் பயந்திருக்க வேண்டாமா? பயந்தாள்தான். ஆனால் அவன் முகம் பாவமாக இருந்தது. ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர் போய்ப் பழகியவர்கள், ஒரு சாப்பாட்டை மூன்றாகப் பங்கு போட்டவர்கள், ஒரு பூட்டை இரண்டு பேர் வைத்துக்கொள்வதா பெரிய விஷயம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, சரி என்றாள்.

இருவரும் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவன் டார்ச்சோடு கடைசித் தகட்டுக்குப் பின்னால் போனான். இவள் வாசலோரம் சுரண்டினாள். கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் வெளியிலிருந்து கையசைத்தார். கல்லூரியிலிருந்து பேராசிரியர் வீடியோவில் கூப்பிடுகிறார், யாராவது ஒருவர் வந்தால் போதும், சீக்கிரம் என்றார். படிப்ஸ் உள்ளே பார்த்துச் சைகை காட்டினாள். அவன் பார்த்தானோ இல்லையோ, சுரண்டியை ஒரு முறை தூக்கிக் காட்டினான்.

வெளியே வந்தாள். வெளியே வந்தால் பூட்டைக் கழற்ற வேண்டும். தினமும் செய்கிற கை, தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. பூட்டையும் சாவியையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பேராசிரியர் என்ன கேட்பாரோ என்று பயந்துகொண்டே ஆபீஸ் அறைக்கு ஓடினாள்.

பேராசிரியர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது, வேலை பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார். கல்லூரிக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறீர்கள் என்று பாராட்டவும் செய்தார். படிப்ஸுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

"இன்னொருத்தன் எங்கம்மா?"

"உள்ள இருக்கான் சார்."

சொன்ன வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. கை பாக்கெட்டுக்குப் போனது. பூட்டு ஜில்லென்று இருந்தது. அதே நேரம் வெளியே, டிரம் சுற்றப்போகிறது, விலகிக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கும் மணி அடிக்க ஆரம்பித்தது.

நாற்காலி விழுந்ததோ, பேராசிரியர் கூப்பிட்டாரோ, எதுவும் தெரியாது. ஓடினாள். அதுவரை கற்றுக்கொண்ட அந்நிய மொழி முழுக்கத் தொண்டையிலிருந்து துடைத்துப்போட்டது போலப் போய்விட்டது. "உள்ள ஆள் இருக்கு! உள்ள ஆள் இருக்கு!" என்று தமிழில் அலறினாள். மூட்டை தள்ளிக்கொண்டு வந்தவர்கள் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்து வழிவிட்டார்கள். அடுத்த கூடத்தில் டிரம்மின் கதவு மூடியிருந்தது. ஆப்பரேட்டர் முதுகைக் காட்டி நின்றார், காதில் அடைப்பான்.

மணி நின்றது.

சுவரோரம் நீளமாகப் போகும் சிவப்புக் கயிறு அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. உயிர் போகிற ஆபத்து என்றால் மட்டும் இழுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அதைத் தாண்டித்தான் இத்தனை தூரம் ஓடி வந்திருக்கிறாள், கடவுளே! இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். டிரம் உறுமத் தொடங்கி, கனமாகப் பாதிச் சுற்று உருண்டு, நின்றது.

ஆப்பரேட்டர் ஓடிப் போய்க் கதவைத் திறந்தார். சுவிட்சில் பூட்டு இல்லை, அதனால் உள்ளே ஆள் இல்லை என்றுதான் நினைத்தேன், ஒரு குரல் கொடுத்தேன், பதில் வரவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மேல் என்ன தப்பு? சூப்பர்வைசர் டார்ச்சோடு உள்ளே நுழைந்தார். படிப்ஸால் பார்க்க முடியவில்லை. கயிற்றை விடாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வேண்டாத தெய்வம் பாக்கியில்லை. விமான நிலையத்தில் பிடித்த அந்த இரண்டு கைகளும் இன்னும் தன் கையைப் பிடித்திருப்பது போலவே இருந்தது.

உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தூங்குமூஞ்சியைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூள். ஒரு ஷூவைக் காணவில்லை. முழங்கை உரிந்திருந்தது, தகட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே உருண்டிருக்கிறான். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. அவனை அவ்வளவு விழிப்பாக அவள் பார்த்ததே இல்லை.

சூப்பர்வைசர் அவன் பூட்டு எங்கே என்று கேட்டார். படிப்ஸ் தன் பூட்டை எடுத்து நீட்டினாள். அதில் அவள் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு அந்தக் கத்து கத்தியவர், இன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

தூங்குமூஞ்சி அவளைத் திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான்.

"கதவு மூடினப்ப, நீ விளையாடறேன்னு நினைச்சேன்."

ஆபீஸ் முடிவு சொல்லும் வரை இருவரும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு அனுப்பினால் அனுப்பட்டும். அந்தப் பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. படிப்ஸ் இப்போது பயந்ததெல்லாம் அவனைப் பார்த்துத்தான். அவன் தூங்குவதே இல்லை. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு, கட்டில் மேல் முழங்காலைக் கட்டியபடி உட்கார்ந்திருப்பான். அறைக் கதவை மூடவே விடமாட்டான். அவள் சாப்பாடு கொண்டுவந்தால் முதலில் அவளைப் பார்க்க மாட்டான், கதவைத்தான் பார்ப்பான்.

இப்படி இருக்கையில் ஒரு சாயங்காலம் அவன் அம்மா கூப்பிட்டாள். அவன் போனை எடுத்து இவள் கையில் திணித்தான்.

"என்னம்மா, எப்படி இருக்கீங்க? துரை இன்னும் தூங்கிட்டுதான் இருக்காரா?"

"இல்ல ஆன்ட்டி. இப்பல்லாம் தூங்கறதே இல்ல."

அந்தப் பக்கம் அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டு, கேட்டீங்களா, உங்க பிள்ளை திருந்திட்டானாம் என்று சொல்வது கேட்டது. பிறகு மறுபடியும் போனுக்கு வந்தாள்.

"இருபது வருஷமா என்னால முடியலம்மா. அப்படி என்ன செஞ்ச நீ?"

காற்றில் அறைக் கதவு மெல்ல மூடிக்கொள்ளப் பார்த்தது. தூங்குமூஞ்சி கட்டிலிலிருந்து பாய்ந்து போய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். படிப்ஸ் அதைப் பார்த்துக்கொண்டே, "ஆன்ட்டி, கொஞ்சம் உக்காந்துக்கங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள்.