பீரோவில் இரண்டு டயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விழவில்லை. வண்டி வழுக்கியது, நானும் கூடவே போனேன், அவ்வளவுதான். இதை லில்லியிடம் விளக்கியபோது அவள் என் முழங்கையில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் அழுத்தியே தடவினாள்.

லில்லி என் மனைவி. எலும்பு வார்டில் நர்ஸ். அவள் பார்க்கிற நோயாளிகளில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்தவர்கள். அதனால் என் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் காலில் கம்பி வைத்த யாராவது ஒருவர் அவள் ஞாபகத்துக்கு வந்துவிடுவார். நான் ஜெபகுமார். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் இருபத்திரண்டு வருஷமாகப் புடவை விரித்துக் காட்டுகிறேன். என் வண்டி சிவப்பு, நானூறு சிசி. யாரையும் கேட்காமல் நானாக ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான். அதில் ஒரு கீறல் விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரேஸ் டிராக் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பணம் கட்டினால் நம்மைப் போன்றவர்களும் சொந்த வண்டியை அதில் ஓட்டலாம். டிராக் டே என்பார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, எதிரே லாரி வராது. ஆறு வருஷமாக இதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். போன ஆகஸ்டில் லில்லி ஒருவழியாகச் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு.

"போய்ட்டு வாங்க. ஆனா வண்டி ஒருவாட்டி கீழ சாஞ்சாலும் இந்த மாசமே வித்துடணும். பைபிள் மேல கைய வைங்க."

வைத்தேன். ஏன் வைக்க மாட்டேன்? என்னிடம்தான் அந்த டயர்கள் இருந்தனவே.

2019-இல் வாங்கிய ஜோடி. டிராக்குக்கென்றே செய்த மெத்தென்ற ரப்பர், வெளிநாட்டுச் சரக்கு. வாங்கிய கையோடு ஆடித் தள்ளுபடி வந்தது, கடையில் லீவு கொடுக்கவில்லை. அடுத்து கல்யாண சீசன். அதற்கடுத்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தது. பிறகு மகள் ஷாரோனின் பத்தாம் வகுப்பு. இப்படியே ஓடிவிட்டது. அதற்காக டயரைச் சும்மா மூலையில் போட்டிருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டைப் பாதுகாக்கத் தெரிந்தவனுக்கு ரப்பரைப் பாதுகாக்கத் தெரியாதா? லில்லியின் பீரோவில் இரண்டு தட்டுகளைக் கழற்றிவிட்டு, டயர்களைப் பழைய வேட்டியில் சுற்றி உள்ளே நிறுத்தினேன். வெயில் படாது, தூசி படாது. பாச்சை உருண்டை போடவில்லை. ஜரிகைக்கு ஆகாதது ரப்பருக்கும் ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புடவைக்கு மடிப்பு மாற்றுகிற மாதிரி, கால் சுற்று திருப்பி வைப்பேன். லில்லியின் புடவைகளில் பாதி கட்டிலுக்கடியில் சூட்கேஸுக்குப் போயின. மீதிப் பாதியில் ரப்பர் நாற்றம் அடிப்பதாக அவள் தங்கை கல்யாணத்தில் யாரோ சொன்னார்களாம். வேறு வேலை இல்லை அவர்களுக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிராக் டேவுக்கு முந்தின வருஷம் லில்லி தன் ஸ்கூட்டரின் இரண்டு டயரையும் மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். பழைய டயரில் தரையைப் பிடிக்கிற பட்டன் பாதிக்கு மேல் தேயாமல் அப்படியே இருந்தது. கேட்டால், அஞ்சு வருஷம் ஆகிவிட்டது, ரப்பர் செத்துப்போச்சு என்று டயர் கடை அந்தோணி சொன்னானாம். நான் மூன்று நாள் விடாமல் சிரித்தேன்.

"நல்லா இருக்கிற டயர தூக்கிப் போட்டுட்டு வந்துக்கீறியே, உனக்கு இன்னா பைத்தியமா?"

"அட்டையப் பிரிக்கலன்னா மாத்திர கெடாதுன்னு சொல்ற பேஷன்ட் மாதிரியே பேசுறீங்க," என்றாள். "எல்லாத்துக்கும் ஒரு தேதி இருக்குதுங்க."

மாத்திரை வேறு, டயர் வேறு என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

டிராக் டேவுக்கு இரண்டு நாள் முன்பு என் டயர்களை ஓரிக்கையில் அந்தோணி கடைக்கு எடுத்துப் போனேன். அந்தோணியும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதம். அதனால் அவனுக்கு என்மேல் மரியாதை கிடையாது. வேட்டியைப் பிரித்துக் காட்டினேன். புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அதில் ஒன்றுகூட உதிரவில்லை. அவன் அதைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் எதையோ தேடி, நான்கு எண்களில் விரலை வைத்தான். 2219.

"பத்தொம்போதாவது வருஷம், இருபத்திரெண்டாவது வாரம் செஞ்சது. ஆறு வருஷம் ஆயிட்டுதுபா ஜெபா."

"ஒரு கிலோமீட்டர் ஓடலடா!"

"ஓடலன்னா வயசு ஏறாதா?"

கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினான். ஒன்றும் பதியவில்லை. பிறகு என் வண்டியில் அப்போது இருந்த டயரில் அழுத்தினான். பிறை மாதிரி நகம் பதிந்தது.

"இது எட்டு மாசத்து டயரு. பாதி தேஞ்சிருந்தாலும் தரையப் புடிக்கும். அது காஞ்சி கெட்டியாயிட்டுது. வளைவுல சறுக்கிக்கினு போவும். பேசாம இதோடவே போ."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். "உன் கடையில வாங்கலன்ற கடுப்புல பேசாதடா. மாட்டுறியா, வேற கடைக்குப் போவட்டா?"

மாட்டினான். கழற்றியதை என்ன செய்ய என்று கேட்டான். எங்கள் கடையில் பில் போடுகிற லோகேஸ்வரன் அதே மாடல் வண்டியைப் பழசாக வாங்கி வைத்திருக்கிறான். அவனும் டிராக் டேவுக்கு வருகிறான், அவன் டயரோ சுத்த வழுக்கை. "அவனுக்குப் போட்டு வுடு, பாவம்," என்றேன். பண்டிகைக்குப் பழைய சட்டை தானம் கொடுத்தவனைப் போல நெஞ்சு நிறைந்து வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிராக்கில் வண்டிகளைச் சோதித்தவர் என் டயர் முடிகளைத் தடவி, "புதுசா? சூப்பர் சார்," என்றார். லோகேஸ்வரனின் டயரைப் பார்த்து, "பாத்து ஓட்டுங்க தம்பி," என்றார். நான் பெருமையோடு லில்லியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நிழலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பெட்டி.

முதல் சுற்றிலேயே பின்சக்கரம் வளைவுகளில் ஒரு சாண் நகர்ந்தது. புது டயர் அப்படித்தான், சூடேறினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சூடேறியது. சரியாகவில்லை. மூன்றாவது சுற்றில் லோகேஸ்வரன், நான் தானம் கொடுத்த டயரில், என்னை வளைவின் வெளிப்பக்கமாகவே தாண்டிப் போனான். தாண்டியதோடு விட்டானா? நேர்ப்பாதையில் கையைத் தூக்கி எனக்கு ஒரு வணக்கம் வேறு வைத்தான். பில் போடுகிற பயல்! விடுவேனா? துரத்தினேன். நான்காவது சுற்று, வலப்பக்க வளைவு, அவன் சாய்ந்த அளவுக்கு நானும் சாய்த்தேன். முன்சக்கரம் சத்தமே இல்லாமல் விலகிக்கொண்டது.

எழுந்து உட்கார்ந்தபோது கை கால் எல்லாம் இருந்தன. வண்டி புல்லில் ஒருக்களித்துக் கிடந்தது, ஒரு கைப்பிடி வளைந்து, சிவப்பெல்லாம் உரிந்து. வலி அப்புறம்தான் தெரிந்தது. முதலில் என் ஞாபகத்துக்கு வந்தது பைபிள்தான். லில்லி என்ன கத்து கத்தப்போகிறாள் என்று தயாராக இருந்தேன். ஓடிவந்தவள் கத்தவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி, என் கழுத்தைத் தடவி, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். பிறகு அத்தனை பேர் நடுவில் அழுதாள். "எனக்கு உயிரே போயிடுச்சிங்க," என்றாள். கல்யாணமான பதினேழு வருஷத்தில் நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து லோகேஸ்வரனின் வண்டி பக்கத்தில் நிறுத்தினார்கள். அவன் டயரின் ஓரத்தில் ரப்பர் ரவை ரவையாக, ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. என் டயர் நாலே சுற்றில் பட்டை பட்டையாகக் கிழிந்து, நீலம் பாய்ந்து பளபளத்தது. "அண்ணா, டயர் செமயா புடிக்குதுணா! இன்னா மனசுணா உங்களுக்கு!" என்றான் அவன். லில்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். எதை எடுத்தாலும் தேதி பார்க்கிற கண் அவளுடையது.

"இது இன்னாப்பா, ரெண்டு ரெண்டு ஒண்ணு ஒம்போது?"

அந்தோணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்த லோகேஸ்வரன், வாரம், வருஷம், நகம் உட்பட எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கிச் சொன்னான். தடுக்க முயன்றேன். முழங்கை வலித்தது.

அந்த மாதம் மிச்சமிருந்த மூன்று வாரமும் நான் நல்லவனாக இருந்தேன். கடைக்குக் கிளம்புமுன் பாத்திரம் கழுவினேன். ஞாயிறு காலை ஆராதனை, மாலை ஆராதனை இரண்டுக்கும் போனேன். வண்டியைப் பழையபடி சிவப்பாக்கி வாசலில் நிறுத்தினேன். நான் விழவில்லை, வழுக்கினேன் என்கிற வாதத்தையும் இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன்.

"வண்டி சாஞ்சுதா, இல்லியா?"

"சாஞ்சுது."

"நாளையோட மாசம் முடியுது," என்றாள்.

வண்டியை வாங்கினது அந்தோணி. வேறு யாரிடம் கொடுக்க மனசு வரும்? அவன் கடையிலேயே முதல் வேலையாக இரண்டு டயரையும் கழற்றி, போன மாதம் செய்த ஜோடியை மாட்டினான். கழற்றியதை என் பக்கம் உருட்டிவிட்டான்.

"வண்டியத்தான் வாங்கினேன்பா. இது உன்னுது."

ஸ்டார்ட் செய்தான். அந்தச் சத்தம் தெருமுனை திரும்பிப் போகிறவரை கேட்டுக்கொண்டே நின்றேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தவன் என் முகத்தைப் பார்த்தான். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றேன். "அழுவுடா, பரவால்ல," என்றான்.

லில்லி ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். பின்னால் ஏறினேன், தோளுக்கு ஒன்றாக டயர்களை மாட்டிக்கொண்டு. வீட்டில் பீரோவின் தட்டுகளைக் காலையிலேயே திருகி மாட்டி, புடவைகளை அடுக்கிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். இதை எங்கே வைப்பது என்று கேட்கத் தைரியம் இல்லை. வழியெல்லாம் மழை ஈரம். நான் மூன்று நாள் சிரித்த அந்த ஸ்கூட்டர் டயர் ஒரு திருப்பத்தில்கூட வழுக்கவில்லை.

மூங்கில் மண்டபம் பக்கத்தில் நெரிசல். எங்கள் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற கோதண்டபாணி சைக்கிளோடு பக்கத்தில் வந்து நின்றார். டயர் ஓரத்தில் மிச்சமிருந்த முடிகளைப் பார்த்துவிட்டு, "இன்னா ஜெபா, புது டயரா?" என்றார்.

"ஆமா, புதுசுதான்," என்றேன். புடவை விற்ற இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

லில்லி திரும்பவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஆமாண்ணா. ஆறு வருஷமாப் புதுசு."