சப்பிள்

பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கை முஷ்டியாக இறுகிப்போனது. ஈப்போ ஆஸ்பத்திரியில் அவர் கைக்குப் பயிற்சி கொடுத்த பெண், "தினமும் எண்ணெய் தேச்சு விடுங்க ஆன்ட்டி, வெரலு சப்பிளா ஆயிடும்," என்றாள்.

"சப்பிள்னா என்னாடி?" என்று அம்மா என்னிடம் கேட்டாள்.

"மெத்துனு இருக்கும்மா. ஒடியாம வளையும்."

அன்றிலிருந்து செமோரில் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. வாட்டிய வாழையிலை சப்பிள். பிசைந்த ரொட்டி மாவு சப்பிள். அப்பாவின் விரல்கள் மட்டும் ரப்பர் மரம் சீவும் கத்தியை இன்னும் விடாததுபோல் மடங்கியே கிடந்தன. அந்தப் பெண்ணைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் எனக்கு எரிச்சலாக வந்தது.

இன்று காலை அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா எண்ணெயோடு அவர் முதுகுப்பக்கம் உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஷர்மினி, ஓடியா லா! வெரலு தானா விரியுது! சப்பிளா ஆயிடுச்சுடி!"

ஓடினேன். விரிந்த கையைத் தன் கன்னத்தில் வைத்து அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து அப்பாவின் முகத்தைத் திருப்பினேன். கழுத்தும் அப்படியே வளைந்து கொடுத்தது. கண்கள் திறந்திருந்தன. மூச்சு இல்லை.

அம்மா அடுத்த விரலுக்கு எண்ணெய் தொட்டாள்.