நர்ஸுக்கு ஒரு திறப்பு விழா

எங்கள் மாவட்ட அரசில் சுகாதாரப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. ரிப்பன் வெட்ட முடிகிற இடத்துக்குத்தான் அது போகும். கட்டடத்துக்கு வெட்டுவார்கள், ஆம்புலன்ஸுக்கு வெட்டுவார்கள், ஒருமுறை கைகழுவும் தொட்டிக்கும் வெட்டினார்கள். டீசலுக்கு யாரும் வெட்டுவதில்லை. அதனால் புது ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறது, அதன் நிழலில் கோழிகள் குடும்பம் நடத்துகின்றன.

இந்தப் பணத்துக்குத் திட்டம் போடுகிற அதிகாரி நான், வகேஷோ. எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது இந்த வேலையால்தான் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

அந்த வருடம் என் கவலையெல்லாம் கிலாம்போ மலை மருந்தகத்து நர்ஸ் வவுதாவைப் பற்றித்தான். ஆறு வருடமாக ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூன் முடிவிலும் ஒப்பந்தம் முடியும், புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று கடைசி நாள் வரை தெரியாது. இந்தமுறை அவள் சம்பளத்துக்கு நான் ஒதுக்கியிருந்த பணத்தின்மேல் வார்டு உறுப்பினர் முவாதிமே கண் வைத்துவிட்டார். அதே மருந்தகத்தின் பக்கத்தில் பிரசவ விடுதி கட்டவேண்டுமாம். ஓடு போட்ட தாழ்வாரத்தோடு.

பட்ஜெட்டுக்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கவேண்டும் என்பது சட்டம். மாதா கோயில் கூடத்தில் கூட்டம் போட்டோம். டீயும், மண்டாசி என்கிற எண்ணெய்ப் பலகாரமும் முவாதிமே செலவு. மண்டாசியை மென்றபடியே எல்லோரும் எழுந்து எழுந்து “கட்டடம்” என்றார்கள்.

“கட்டடத்துக்குள்ள பிரசவம் பாக்கறது யாரு?” என்று கேட்டேன்.

“மொதல்ல கட்டடம் வரட்டும் மேடம், நர்ஸ் தானா வருவாங்க!” என்றார் ஒருவர். கைதட்டல் வேறு.

பைக் டாக்சி ஓட்டுகிற ரிகா மட்டும் பின்னாலிருந்து கத்தினான். “தானா வருவாங்களா? வவுதா வர்றதுக்கு முன்னாடி பிரசவ வலி வந்தவங்களை என் பைக்லதான் கூட்டிட்டு எறங்குவாங்க. மழையில பாதி வழியில ஒரு கொழந்தை என் கையிலயே பொறந்துச்சு. இன்னிக்கும் என்னை மருத்துவச்சின்னுதான் கூப்பிடறானுங்க. எனக்கு மறுபடியும் அந்த வேலை வேணாம்டா சாமி!”

கூடம் சிரித்து ஓய்ந்தது. ஆனால் தீர்மானத்தில் கட்டடம்தான் ஏறியது.

கூட்டம் முடிந்ததும் முவாதிமேயை ஓரங்கட்டினேன். “மாண்புமிகு ஐயா, ஆளில்லாத விடுதி எதுக்கு? ஆடு கட்டவா?”

“கோவப்படாதீங்க மேடம். கட்டடம்னா அந்த மலையிலேர்ந்து பாத்தாலும் தெரியும். நர்ஸ் தெரிவாங்களா? அடுத்த வருஷம் எலெக்‌ஷன். நான் என்ன செஞ்சேன்னு கேட்டா எதைக் காட்டுவேன்?”

“அப்ப அவளுக்கே ரிப்பன் கட்டி வெட்டுங்களேன்!”

எரிச்சலில் சொன்னதுதான். அந்த மனிதர் சிரிக்கவில்லை. மோவாயைத் தடவிக்கொண்டார்.

“கட்டலாங்கறீங்க?”

வாய்தவறி வந்ததையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “பேஷா கட்டலாம். ஆளுக்குத் திறப்பு விழா நடத்துன மொத உறுப்பினர் நீங்கதான். ரேடியோவுல சொல்லுவாங்க.”

“கல்வெட்டும் வெக்கணும்.”

“வெச்சுக்கோங்க. ஆனா கட்டடத்தைத் தள்ளிப்போட்டு, அவளுக்கு நிரந்தர வேலைன்னு நீங்களே சபையில முன்மொழியணும்.”

முன்மொழிந்தார், நிறைவேறியது. அதற்குப் பிறகு மற்ற உறுப்பினர்களும் என் அறைக்கு வந்து, தங்கள் வார்டுக்கு ஒரு நர்ஸைத் ‘திறக்க’ முடியுமா என்று கேட்டார்கள். நர்ஸ் வேண்டும் என்று எத்தனை வருடம் கரடியாகக் கத்தியிருப்பேன்!

விழா அன்று பாட்டுக்குழு, மேளம், ஷாமியானா. மருந்தகக் கதவில் சிவப்பு ரிப்பன், அதற்குப் பின்னால் கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையில் வவுதா. முவாதிமே வெட்டினார். “இன்று முதல் கிலாம்போ மக்களுக்கு ஒரு நர்ஸ்!” என்று மைக்கில் முழங்கினார். கைதட்டிய பிள்ளைகளில் பாதிப்பேரை இந்த உலகத்துக்கு எடுத்துக்கொடுத்ததே அவள்தான். பெண்கள் மேல்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார்கள்.

அப்புறம் கல்வெட்டின் திரையை விலக்கினார்கள். ‘மாண்புமிகு முவாதிமே அவர்களால் வழங்கப்பட்ட நர்ஸ்.’ அவ்வளவுதான். அவள் பெயரே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் கலைந்ததும் வவுதாவிடம் போனேன். “நீ கவலைப்படாதே. இந்தக் கல்லைப் பேத்து எடுத்துட்டு உன் பேரைப் போட்டு வேற வெக்கச் சொல்றேன். எவ்ளோ திமிரு!”

“ஐயோ, அதைத் தொட்டுடாதீங்கக்கா!” என்று என் கையைப் பிடித்துவிட்டாள். “ஜூன் வந்தா துணிமணியை மூட்டை கட்டி வெச்சுட்டு உக்காந்திருப்பேன். ஆறு வருஷமா. நிரந்தரம்னு சபையில சொன்னாங்க, சரி. சபையில சொன்னது எத்தனை காத்துல போயிருக்கு? இது சுவத்துல இருக்கு. என்னை அனுப்பணும்னா அவர் பேரையும் பேக்கணும். அவர் விடுவாரா?”

பட்ஜெட் போடுகிறவள் என்று பெயர். இப்படியொரு கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் கல்வெட்டின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். “லேசா ஆடுதுக்கா. மேஸ்திரிகிட்ட இன்னும் ஒரு சட்டி சிமென்ட் போடச் சொல்றீங்களா?”

மேஸ்திரியைக் கூப்பிட்டு இரண்டு சட்டி போடச் சொன்னேன். செலவை ‘பணியாளர் நலன்’ என்ற தலைப்பில் எழுதினேன்.